பால் ஊற்றாத தேநீர்

மேலாளரின் மைத்துனன் கடை திறந்தான்,
அதனால் எங்களுக்கு விருந்து.
உடைந்த வெந்நீர்க் குழாயோடு
பத்தொன்பது மணிநேரம் மல்லுக்கட்டியதற்கு
என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது.
இரண்டும் உண்மைதான்.

எட்டுப் பேர் போனோம்.
உலான்பாட்டரில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துமூன்று.
கழற்றிய கோட்டுகளை ஒரே நாற்காலியில் குவித்ததில்
ஒன்பதாவதாக ஒருவர்
தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

சுவர் முழுக்கக் கடல்.
யாரோ ஞாபகத்திலிருந்து வரைந்தது,
யாருடைய ஞாபகம் என்று தெரியவில்லை.
பெயிண்ட் வாடை போகவில்லை.
அதற்கும் அடியில் தோலும் பசையும் மணந்தன:
போன வருஷம்வரை இங்கே
பூட்ஸுக்கு அடி போட்டுக் கொடுத்தார்கள்.

அட்டையில் எல்லாவற்றுக்கும் படம் இருந்தது.
ஒட்கோன் ஒன்றைக் காட்டி,
"இதுக்கு முன்பக்கம் எது?" என்றான்.
பரிமாறுகிற பையன் குனிந்து பார்த்துவிட்டு
"நானும் திங்கட்கிழமைதான் சேர்ந்தேன்" என்றான்.

மீன் இமைக்காது,
இமைக்காததைத் தின்னக் கூடாது
என்பது சென்த்-ஆயுஷின் வீட்டுச் சட்டம்.
கைதுடைக்கும் தாளை விரித்து
அதன் முகத்தை மூடினாள்,
இழவு வீட்டில் மூடுவதுபோல, மெதுவாக.
பிறகு வால் பக்கமிருந்து ஆரம்பித்தாள்.
எலும்பைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கறுப்புச் சிப்பிகள் ஒரு வாளி வந்தன.
ஷராவ் ஒவ்வோர் ஓட்டையும் நக்கித் துடைத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
மகளுக்காம்.
நான் குழுவின் கணக்கு எழுதுகிறவள்.
இருபத்திரண்டு ஓடுகள்.

கண்ணாடித் தொட்டியில் நண்டு நின்றது,
விளாடிவோஸ்தோக்கிலிருந்து ரயிலில் வந்தது.
எட்டுப் பேருக்கு ஒன்று,
சீட்டிலேயே அடக்கம்.
"போட்டுரட்டுமா?" என்று பையன் கேட்டபோது
எல்லோருக்கும் கூரையில் வேலை இருந்தது.
இன்னும் கொஞ்ச நேரம் என்றோம்.

அப்போதுதான் அது நின்றது.
நண்டு அல்ல, தொட்டிக்குக் கீழிருந்த பம்ப்.
கடைக்காரன் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தான்.
எங்கள் மேஜை அடங்கிவிட்டது.
ஊருக்குச் சத்தம் கேட்டால் விழிப்பு,
எங்களுக்குச் சத்தம் நின்றால்.

தவாநியாம் கையைச் சுருட்டிக்கொண்டு
தோள்வரை தொட்டிக்குள் விட்டான்.
"வாஷர் போச்சு."
அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?
முன்க்சுல் இடது பூட்ஸைக் கழற்றினாள்.
நண்டுக் கத்தரிக்கோலால்
உள்ளிருந்த ரப்பரை வட்டமாக வெட்டினாள்,
நடுவில் ஓட்டை போட்டாள்,
இரண்டு முறை திட்டினாள்.
பம்ப் இருமியது, செருமியது, ஓடியது.

மேலே கொஞ்சம் தண்ணீர் அடித்தது.
தவாநியாம் மீசையை நக்கினான்.
நக்கியவன் அப்படியே நின்றான்.
"என்னடா?"
"நம்ம தேநீர்" என்றான்.
"பால் ஊத்த மறந்துட்டாங்க."

நம்பவில்லை.
வரிசையாக விரலை விட்டு நக்கிப் பார்த்தோம்,
சென்த்-ஆயுஷ்கூட.
காலையில் எழுந்ததும் குடிக்கிற அதே உப்பு.
இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு
நம் அடுப்படிக்குள் எப்போது வந்தது?
எட்டுப் பேர் வாயில் விரலோடு நிற்பதை
மைத்துனன் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

பையன் மறுபடி வந்தான்.
"போடு" என்றான் ஒட்கோன்.

ஆமாம், தின்றோம்.
அதற்காகத்தானே உயிரோடு வைத்தோம்
என்றார் ஷராவ். யாரும் பதில் சொல்லவில்லை,
வாய் நிறைய இருந்தது.
காலுக்குள் சதை வெள்ளையாக, இனிப்பாக.
இனிக்கும் என்று ஒருவரும்
எங்களிடம் சொன்னதில்லை.

வெளியே டாக்சிக்காரன் கண்ணாடியை இறக்கினான்,
மோந்தான், ஏற்றிக்கொண்டான் கண்ணாடியை மட்டும்.
நடந்தோம்.
எங்கள் குழாய் போகிற வழியில் பனி தங்காது;
அந்தக் கறுப்புக் கோட்டின்மேல்
ஒருவர் பின் ஒருவராக.
முன்க்சுல் ஒரு காலை மட்டும்
வேகமாக எடுத்து எடுத்து வைத்தாள்.
முன்னால் ஷராவின் பை
கலகலவென்று போய்க்கொண்டிருந்தது.